குரல் ஓட்டும் கூலிக்காரர் கணக்கும்

சென்ற வாரம் ஒரு மில் வாசலில், ஷிப்டு விடும் நேரத்தில் பத்திரிகை விற்றுக்கொண்டு நின்றோம். ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் உழைத்த தோழர் ஒருவர் ஒரு பிரதியை வாங்கினார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "டில்லியிலே பார்லிமெண்டில் ஒரே கூச்சலாம், காகிதத்தைக் கிழிக்கிறார்களாம். அதற்கும் நம்ம கூலிக்கும் என்ன சம்பந்தம், தோழர்?"

நியாயமான கேள்வி. அவர் ஒருவர் மட்டும் கேட்பதல்ல இது. நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிற தாய்மார்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறோம்.

கூச்சலைக் கண்டு நாம் முகம் சுளிக்கவில்லை. நம் சங்கக் கூட்டத்திலும் கூச்சல் உண்டு. வயிறு எரிகிறவன் மெதுவாகப் பேசமாட்டான். நாம் கவனிக்க வேண்டியது வேறு. கூச்சல் நடந்துகொண்டிருக்கும்போதே மேஜைமேல் என்ன கைமாறுகிறது, அதற்கு யார் கைநாட்டுப் போடுகிறார்கள் என்பதே அது.

மரக்கால் யார் கையில்?

மக்கள் சபையில் 543 ஸ்தானங்கள். தமிழ்நாட்டுக்கு 39. ஒரு மசோதா முடிவுக்கு வரும்போது சபாநாயகர், "ஆதரிக்கிறவர்கள் 'ஆம்' என்று சொல்லுங்கள், எதிர்க்கிறவர்கள் 'இல்லை' என்று சொல்லுங்கள்" என்கிறார். இரண்டு பக்கமும் சத்தம் எழுகிறது. காதில் விழுந்த சத்தத்தை வைத்து, "ஆம் என்போரே அதிகம்" என்று அறிவிக்கிறார். மசோதா நிறைவேறிவிட்டது. இதற்குப் பெயர் குரல் ஓட்டு.

யார் "ஆம்" என்றார், யார் "இல்லை" என்றார், யார் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், யார் அந்தப் பக்கமே வரவில்லை? எதுவும் பெயர் வாரியாக ஏட்டில் ஏறுவதில்லை.

நமக்கு அப்படியா? மில்லில் பத்து நிமிஷம் பிந்தினால் கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் கணக்கு. ஏரி வேலைக்குப் போகிற கிழவிக்கும் மஸ்டர் ரோல் உண்டு. நாட்டுக்கே சட்டம் செய்கிறவருக்கு, சட்டம் செய்யும் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மஸ்டர் கிடையாது!

கூலி நெல்லை முத்திரை மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று தஞ்சை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளர் ஏன் போராடினார்கள்? மிராசுதார் தன் கை மரக்காலில் அளந்தால் அளவு சுருங்கும் என்பது அவர்களுக்கு அனுபவம். குரல் ஓட்டும் அப்படிப்பட்ட மரக்கால்தான். அளப்பவர் சொன்னதே அளவு.

ஆனால் முத்திரை மரக்காலும் அந்தச் சபையிலேயே இருக்கிறது. சபையின் 367-வது விதியைப் பாருங்கள். சபாநாயகரின் அறிவிப்பை ஒரே ஒரு அங்கத்தினர் ஆட்சேபித்தாலும், லாபிகளைக் காலி செய்ய உத்தரவாகிறது. மணி அடிக்கிறது. மூன்றரை நிமிஷம் கழித்து மறுபடி கேட்கிறார்கள். அப்போதும் ஆட்சேபம் இருந்தால் ஓட்டெடுப்பு. ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை என்றால் ஆம். சிவப்பு என்றால் இல்லை. மஞ்சள் என்றால் எந்தப் பக்கமும் இல்லை. பெயர்கள் ஏட்டில் ஏறிவிடும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஓட்டெடுப்பு அநாவசியமாகக் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், அங்கத்தினர்களை எழுந்து நிற்கச் செய்து தலையை எண்ணி முடித்துவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாவதில்லை.

எண்ணுவதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1999 ஏப்ரல் 17-ம் தேதி வாஜ்பாய் சர்க்கார் இதே சபையில் 269-க்கு 270 என்று, ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அன்று காதால் கேட்டு முடிவு சொல்லியிருக்க முடியுமா? தங்கள் நாற்காலி விஷயம் என்றால் தலை தலையாக எண்ணுகிறார்கள். தொழிலாளியின் சோறு விஷயம் என்றால் மட்டும் காதால் கேட்டால் போதுமா?

2020 செப்டம்பரில் நடந்தது

அந்த மாதம் 14-ம் தேதி சபை கூடியது. 23-ம் தேதி கலைந்தது. பத்தே நாள். அந்தப் பத்து நாளில் இந்த நாட்டு விவசாயி, தொழிலாளி இருவர் தலைமேலும் கை வைத்தார்கள்.

19-ம் தேதி மூன்று தொழிலாளர் மசோதாக்கள் சபையில் வைக்கப்பட்டன. 22-ம் தேதி மூன்றும் ஒரே நாளில் மக்கள் சபையில் குரல் ஓட்டில் நிறைவேறின. மறுநாளே ராஜ்ய சபையிலும் நிறைவேறின. 2019-ல் நிறைவேறிய சம்பளச் சட்டத்தோடு சேர்த்து நான்கு தொகுப்புகள். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் இந்த நான்கில் கரைந்தன. ஐந்து ஆண்டு கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்துவிட்டன.

அவற்றில் இருப்பது என்ன? முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்போ மூடலோ செய்வதானால் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கை 300. அதாவது 290 பேர் வேலை செய்யும் மில்லின் முதலாளி யாரையும் கேட்காமல் கதவைச் சாத்தலாம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்பது முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்குத்தான். இப்போது எல்லா ஆலைக்கும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம்.

பல தலைமுறை ரத்தம் சிந்திப் பெற்றதை எடுத்துக்கொள்ள ஒரு நாள் போதுமாக இருந்தது. இதற்கு "ஆம்" சொன்னவர் யார், யார் என்று கேட்டால், பெயர்ப் பட்டியல் கிடையாது.

இங்கே நம் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அன்று எதிர்த்தரப்பு அங்கத்தினர்களில் பெரும்பாலோர் சபைக்குள் இல்லை. ராஜ்ய சபையில் எட்டுப் பேரைச் சஸ்பெண்ட் செய்ததையும், விவசாய மசோதாக்களை அடித்துத் தள்ளியதையும் கண்டித்து வெளிநடப்புச் செய்திருந்தார்கள். கோபம் நியாயம். ஆனால் ஓட்டெடுப்புக் கேட்க ஒருவர் போதும் என்கிற சபையில், அந்த ஒருவர் உள்ளே இல்லாமற்போனால் எதிரிக்கு வேலை சுலபம். ஒப்பந்தம் எழுதும் அறையிலிருந்து சங்கச் செயலாளர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டால், முதலாளி பேனாவை மூடிவைத்துவிடுவாரா?

கேட்க முடியாத கேள்வி

அதே பத்து நாளில் இன்னொன்றும் நடந்தது. தினம் காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் மணி கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளுக்கு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலானால் அங்கேயே துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். தொற்று நோயைக் காரணம் காட்டி, அந்தக் கூட்டத் தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்து மூலம் கேள்வி, எழுத்து மூலம் பதில், அவ்வளவுதான்.

ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுத்தீர்களா என்று முதல் நாளே கேள்வி வந்தது. அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை, ஆகவே நஷ்ட ஈடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் இலாகா எழுதிக் கொடுத்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, வழியில் செத்தவர்களின் கணக்கு இல்லை!

கேள்வி நேரம் இருந்திருந்தால் அடுத்த நிமிஷமே யாராவது எழுந்திருப்பார்கள். "மே 8-ம் தேதி அவுரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர் மீது சரக்கு ரயில் ஏறியதே, அந்த 16-ம் உங்கள் கணக்கில் இல்லையா?" என்று கேட்டிருப்பார்கள். காகிதத்தைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

துணைக் கேள்வியின் பலம் என்ன என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1957-ல், துவக்கி ஒரு வருஷமே ஆன ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. இந்தச் சங்கதி மக்கள் சபையில் முதலில் ஒரு கேள்வியாகத்தான் தலைகாட்டியது. பிறகு காங்கிரஸ் அங்கத்தினரான பெரோஸ் காந்தியே தம் கட்சி மந்திரியைச் சபையில் விடாமல் பிடித்தார். நீதிபதி சாக்ளாவின் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவியை விட்டு இறங்கினார். பிரீமியம் கட்டிய சாமானியனின் பணத்துக்கு ஒரு மந்திரி பதில் சொல்ல நேர்ந்தது.

எட்டு மாதமும் மூன்று நாளும்

விவசாயத் தொழிலாளர்களுக்கு இன்னும் கிட்டத்தில் உள்ள உதாரணம் சொல்கிறோம்.

2004 டிசம்பரில் கிராமப்புற வேலையுறுதி மசோதா மக்கள் சபைக்கு வந்தது. முதலில் வந்த வாசகத்தில், வேலை கேட்கும் உரிமை ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று இருந்தது. யார் ஏழை என்று தீர்மானிக்கும் பட்டியல் யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா? மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. அங்கே ஷரத்து ஷரத்தாகப் பரிசீலித்தார்கள். வெளியே சங்கங்கள் ஊர் ஊராக இயக்கம் நடத்தின. சபைக்குள் இடதுசாரி அங்கத்தினர்கள் ஏறத்தாழ 60 பேர் இருந்தார்கள். எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டு 23-ல் மசோதா மக்கள் சபையில் நிறைவேறியபோது, கிராமத்தில் உடலுழைப்புக்குத் தயாராக உள்ள எந்தக் குடும்பமும் 100 நாள் வேலை கேட்கலாம் என்று ஆகியிருந்தது. அந்த எட்டு மாதம் வீண்போகவில்லை. அதுதான் கோடிக்கணக்கான பெண்களின் கையில் கூலியாகச் சேர்ந்தது.

அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் வைக்க எத்தனை நாள் ஆயிற்று? 2025 டிசம்பர் 16-ல் மசோதா; 18-ல் மக்கள் சபையில் குரல் ஓட்டு. நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. கட்டுவதற்கு எட்டு மாதம்; இடிப்பதற்கு மூன்று நாள்.

குழுவுக்குப் போனாலே நமக்கு நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் முந்தைய நகல்கள் குழுவுக்குப் போயின. 300 என்ற எண்ணை உள்ளே எழுதச் சொன்னதே அந்தக் குழுதான். ஆனால் குழுவில் வைத்தால் காலம் கிடைக்கிறது. வாசகம் வெளியே தெரிகிறது. சங்கம் சாட்சி சொல்லலாம். நாம் வாயிற்கூட்டம் போடலாம். 2009-லிருந்து 2014 வரை இருந்த சபையில் நூற்றுக்குச் சுமார் 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019-லிருந்து 2024 வரை இருந்த சபையில் நூற்றுக்குச் சுமார் 16. எஞ்சியவை நமக்குத் தெரியுமுன் சட்டமாகிவிட்டன.

பெயர் எதற்கு?

"ஆளும் தரப்புக்குத்தான் மெஜாரிட்டி இருக்கிறதே, எண்ணினாலும் அவர்கள்தானே ஜெயிப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். ஆம், பெரும்பாலும் ஜெயிப்பார்கள். ஆனால் எண்ணினால் பெயர் கிடைக்கும். ஐந்து வருஷம் கழித்துக் கைகூப்பிக்கொண்டு தெருவில் வருகிறவரிடம், "ஐயா, இன்ன தேதியில் எங்கள் மில்லை மூடும் ஷரத்துக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினீர்களே" என்று ஏட்டைக் காட்டிக் கேட்கலாம். குரல் ஓட்டில் அவர் தப்பித்துக்கொள்கிறார். "நான் எதிர்த்துத்தான் கத்தினேன்" என்று இங்கே சொல்வார். "நான் ஆதரித்துத்தான் கத்தினேன்" என்று அங்கே சொல்வார். இரண்டையும் யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது.

அதே செப்டம்பரில் அடித்துத் தள்ளிய விவசாயச் சட்டங்கள் என்னவாயின? டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29-ல் இதே பார்லிமெண்ட் அவற்றை ரத்து செய்தது. ரத்து செய்ததும் விவாதமில்லாமல், சில நிமிஷங்களில், குரல் ஓட்டில்தான்! ஏன் கொண்டுவந்தீர்கள், ஏன் எடுக்கிறீர்கள், விளைபொருளுக்கு நியாய விலை எங்கே என்று சபையில் கேட்க விடவில்லை. மக்கள் ஜெயித்தபோதுகூடக் கணக்குக் கொடுக்காமல் நழுவினார்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தீர்மானம் போட்டு, தங்கள் தொகுதி அங்கத்தினருக்கு அனுப்பட்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. கூலியையும் நிலத்தையும் வேலையையும் தொடும் எந்த மசோதாவிலும் எழுந்து நின்று ஓட்டெடுப்புக் கேளுங்கள். வெளிநடப்புச் செய்வதானால், முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பெயரைப் பதித்துவிட்டுப் பிறகு நடங்கள். ஊருக்கு வரும்போது மில் வாசலுக்கும் சேரித் தெருவுக்கும் வந்து, எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டேன் என்று வாசித்துக் காட்டுங்கள். இந்த மூன்றையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மில் வாசலில் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. அந்தத் தோழர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்படியானால் அவர்களுக்கும் ஒரு மஸ்டர் வைக்க வேண்டியதுதான்."

வைப்போம்.