"இஸ்கூலு" என்றால் சிரிக்காதீர்கள்!

ஒன்றாம் வகுப்புப் பையன் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூலு' என்கிறான். வீட்டில் சிரிப்பு, வகுப்பில் குட்டு!

பையன் மேல் தப்பில்லை. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. தொல்காப்பியர் காலத்து விதி அது. நாக்கு தானாகவே முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொள்கிறது. 'ஸ்டேஷனை' நம்ம தாத்தா 'டேசன்' என்றுதானே சொன்னார்?

'எஸ், டி, ஓ, பி' என்று எழுத்தின் பெயரை ஒப்பித்தால் 'ஸ்டாப்' வராது. பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என இழுக்கச் சொல்லுங்கள். மூச்சு விடாமல் 'டாப்' சேர்க்கச் சொல்லுங்கள். வந்துவிடும்! 'க்'கும் 'அ'வும் சேர்ந்தால் 'க' என்று படித்த பிள்ளைக்கு ஒலியைக் கூட்டுவது புதிதா என்ன?

கேலிக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அப்புறம் எந்தப் பாஷையும் வராது. குட்டுவதை நிறுத்துங்கள், கூட்டிச் சொல்லக் கற்றுக்கொடுங்கள்!