பனித்தரையில் ஒரு கங்காணி

வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக் ஆண்டுதோறும் பல விருதுகள் வழங்குகிறது. அவற்றில் இரண்டை நாம் கவனிக்க வேண்டும். சிறந்த பயிற்சியாளருக்கு 1974 முதல் தரப்படுவது ஜாக் ஆடம்ஸ் விருது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் விருது, 2010 முதல் டெட் லிண்ட்சேயின் பெயர் தாங்கி நிற்கிறது. லீக் ஒன்றுதான், கைதட்டலும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் இரண்டாமவரை ஏன் விரட்டியடித்தார் என்ற கதையை விருதுப் பலகையில் யாரும் பொறிப்பதில்லை. ஆகவே அதை நாம் எழுதுகிறோம்.

யார் இந்த ஆடம்ஸ்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் பிறந்தவர். சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு, பனித்தரையில் ரப்பர் வட்டைக் கோலால் அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கியே அவருடைய பிழைப்பு. 1918-ல் டொரான்டோ அணியிலும் 1927-ல் ஒட்டாவா அணியிலும் ஆடி ஸ்டான்லி கோப்பை வென்றார். அந்த 1927-லேயே டெட்ராய்ட் அணிக்குப் பயிற்சியாளரும் மானேஜருமானார். 1947 வரை பயிற்சியாளர். 1962 வரை ஜெனரல் மானேஜர். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் டெட்ராய்ட் ஏழு முறை கோப்பையை வென்றது. மனிதர் திறமைசாலி, அதை நாம் மறுக்கவில்லை. அந்தத் திறமை யாருக்காக வேலை செய்தது என்பதே நம் கேள்வி.

தானிய வியாபாரத்தில் பெரும்பணம் குவித்த ஜேம்ஸ் நாரிஸ் 1932-ல் அணியை விலைக்கு வாங்கினார். ரெட் விங்ஸ் என்று பெயர் சூட்டினார். ஆடம்ஸை ஓராண்டு சோதனையில் வைத்தார். எழுத்து மூலமான ஒப்பந்தம் கிடையாது. எஜமானின் வாய்ச்சொல்தான் ஒப்பந்தம்! ஆடம்ஸ் தலையாட்டினார். எஜமானின் தயவில் பிழைக்கப் பழகியவன், தனக்குக் கீழே உள்ளவனும் தன் தயவில் பிழைக்க வேண்டும் என்றே நினைப்பான். கங்காணியின் புத்தி உருவாவது இப்படித்தான்.

அந்நாளில் லீக்கில் ஆறே அணிகள். அவற்றில் மூன்றில் நாரிஸ் குடும்பத்தின் பணம் புகுந்திருந்தது. ஒரு முறை கையெழுத்திட்ட ஆட்டக்காரனுக்கு வேறு அணியில் வேலை தேடும் உரிமை கிடையாது. முதலாளி வைத்துக்கொண்டால் இருக்கலாம்; விற்றால் போகவேண்டும்; கீழ்நிலை அணிக்குத் தள்ளினால் வாய் திறக்காமல் மூட்டை கட்ட வேண்டும். ஆடம்ஸ் தன் சட்டைப் பையில் ஓமாஹா நகரத்துக்கு ரயில் டிக்கெட்டுகளை வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு ஆட்டக்காரர்களிடையே உலவுவாராம். ஓமாஹா என்றால் கீழ்நிலை அணி. ஆட்டக்காரர்களுக்கு அந்த டிக்கெட்டே சாட்டை!

கோர்டி ஹோவ் என்ற பையனின் கதையைக் கேளுங்கள். பதினாறு வயதில் டெட்ராய்ட்டின் பயிற்சி முகாமுக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. கையெழுத்திட அவன் கேட்டது அணியின் பெயர் பொறித்த ஒரு மேல்கோட்டு. வாக்குக் கொடுத்த ஆடம்ஸ் அதையும் காலத்தில் தரவில்லை. நினைவூட்டிக் கேட்ட பிறகே கிடைத்தது. பின்னாளில் ஹோவ் உலகப் புகழ் பெற்றார். அணியிலேயே அதிக ஊதியம் தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். 1968-ல் அணிக்கு வந்து சேர்ந்த பாப் பான், தான் அவரைவிட அதிகம் வாங்குவதைப் போட்டு உடைத்தார். ஹோவ் அணியில் மூன்றாம் இடத்து ஊதியக்காரர்! ஆடம்ஸ் போய் ஆறு ஆண்டுகள் ஆன பிறகும், அவர் வளர்த்த பழக்கம் உயிரோடிருந்தது. ஒருவன் சம்பளம் மற்றவனுக்குத் தெரியக்கூடாது என்பது முதலாளிகளின் பழைய தந்திரம்.

இந்த இருட்டில் விளக்கேற்றத் துணிந்தவர் டெட் லிண்ட்சே. நான்கு கோப்பைகளை வென்று தந்தவர், அணியின் காப்டன். ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு 900 டாலர் கட்டிவந்த ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். தம் சொந்தப் பணத்துக்குத் தொழிலாளி கணக்குக் கேட்டால் அது குற்றமா? குற்றம்தான் என்றார்கள் முதலாளிகள். கணக்கு வரவில்லை. சங்கம் வந்தது! 1957 பிப்ரவரியில் லிண்ட்சே தலைவராகவும், மாண்ட்ரீல் அணியின் டக் ஹார்வி துணைத் தலைவராகவும் ஆட்டக்காரர் சங்கம் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பருவத்தில் டெட்ராய்ட்தான் லீக்கில் முதலிடம். லிண்ட்சே 30 கோல் அடித்தார். 55 கோலுக்கு வழிசெய்தார். அவர் வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த பருவம். அதற்குப் பரிசு என்ன தெரியுமா? அதே ஆண்டு ஜூலையில் அவரைக் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்கு அனுப்பினார் ஆடம்ஸ். இளம் கோல்காவலர் கிளென் ஹாலையும் கூடவே தள்ளிவிட்டார். டெட்ராய்ட்டின் முதலாளி புரூஸ் நாரிஸ். சிகாகோவின் முதலாளிகளில் ஒருவர் அவர் அண்ணன். வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிக்கொண்டார்கள்! போதாக்குறைக்கு, தன் சம்பளத்தைக் கூட்டிக் காட்டும் போலி ஒப்பந்தத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டித் தன்னைப் பேராசைக்காரனாகச் சித்தரித்தார் ஆடம்ஸ் என்று லிண்ட்சே பின்னாளில் குற்றம் சாட்டினார்.

இது எந்த ஊரில் நடந்தது? 1941-ல் ஃபோர்டு கம்பெனியையே மோட்டார் தொழிலாளர் சங்கம் பணிய வைத்த டெட்ராய்ட்டில்! காரைப் பூட்டும் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. மாலையில் அவன் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகும் ஆட்டக்காரனுக்குச் சங்கம் கிடையாது. "விளையாட்டுக்குக் காசு வாங்குகிறவனுக்குச் சங்கம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். பல் உடைவதும் எலும்பு முறிவதும் விளையாட்டா? முப்பது வயது தாண்டினால் வேலை போகும் என்ற அச்சம் விளையாட்டா? வாயிற்கட்டணமும் தொலைக்காட்சிப் பணமும் முதலாளிக்கு விளையாட்டாக இல்லையே!

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1957 நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் நிர்வாகத்தோடு பேசிவிட்டுச் சங்கத்திலிருந்து விலகினார்கள். ஹோவும், லிண்ட்சேக்குப் பின் காப்டனான ரெட் கெல்லியும் இருந்த அணி அது. ஒற்றுமை உடைந்தது. 1958 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 7,000 டாலர், ஓய்வூதியத்தில் சில சலுகைகள் என்ற உடன்பாட்டோடு சங்கம் மறைந்தது. அந்தச் சலுகைகளும் முதலாளியின் கருணையால் வந்தவை அல்ல. சங்கம் தந்த பயத்தில் வந்தவை.

விலகியவர்களுக்காவது நிம்மதி கிடைத்ததா? கெல்லியைப் பாருங்கள். கணுக்கால் முறிந்த நிலையிலும் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் ஆடினார். 1960-ல் அந்த உண்மை பத்திரிகையில் வெளிவந்தது. உடனே ஆடம்ஸ் அவரை நியூயார்க் அணிக்கு மாற்றினார். கெல்லி போக மறுத்தார். கடைசியில் டொரான்டோவுக்குப் போய் அங்கே நான்கு கோப்பைகள் வென்றார். தோழன் விற்கப்படும்போது மௌனமாக இருந்தால், நாளை நம்முடைய முறை. இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

டெட்ராய்ட்டுக்கு மட்டும் என்ன லாபம்? 1961 இறுதிப் போட்டியில் டெட்ராய்ட்டைத் தோற்கடித்தது சிகாகோ. வெற்றி பெற்ற கோல்காவலர் யார்? ஆடம்ஸ் தள்ளிவிட்ட அதே கிளென் ஹால்! 1955-க்குப் பின் டெட்ராய்ட் மீண்டும் கோப்பையைத் தொட 1997 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

கங்காணியின் கதியையும் பார்ப்போம். 1962-ல் புரூஸ் நாரிஸ் அவரை வீட்டுக்கு அனுப்பினார். முப்பத்தைந்து ஆண்டு ஊழியம்! ஏழு கோப்பைகள்! அவருக்காகக் குரல் கொடுக்க ஒரு சங்கம் இல்லை. ஏனெனில் இருந்த சங்கத்தை உடைத்தவர்களில் அவரே முன்னணியில் நின்றவர். பிறகு ஒரு கீழ்நிலை லீக்கின் தலைவராக இருந்து, 1968-ல் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே இறந்தார். அவர் சாவில் நாம் மகிழவில்லை. உழைக்கும் கூட்டத்திலிருந்து வந்து, அந்தக் கூட்டத்தையே அடிக்கும் கோலாக வளைந்துபோன ஒரு வாழ்க்கைக்காக வருந்துகிறோம்.

லிண்ட்சே கேட்ட கணக்கு என்ன ஆயிற்று? 1967-ல் ஆட்டக்காரர் சங்கம் மீண்டும் எழுந்தது. 1992-ல், முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில், ஓய்வூதிய நிதியின் உபரி ஆட்டக்காரர்களுக்கே சேர வேண்டும் என்று ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் லீக்கின் அப்பீலை ஏற்க மறுத்தது. லிண்ட்சேயை நாடு கடத்துவதுபோல ஊர் கடத்தினார்கள்; அவர் கேட்ட கேள்வியை ஊர் கடத்த முடியவில்லை.

2019-ல் லிண்ட்சே காலமானார். இரண்டு விருதுகளும் இன்றும் வழங்கப்படுகின்றன. கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். ஆனால் கோப்பைகளை எண்ணும்போது, அவற்றை வென்றவர்கள் எப்படி விற்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அப்போதுதான் கணக்கு நேராகும்.