சோறு போட்டால் போதுமா?

பசி என்று வருகிறவருக்குச் சோறு போடுகிறோம். நல்ல காரியம்! நாளைக்கும் அவரே பசியோடு வந்து நின்றால்?

"ஏன் இந்த நிலை?" என்று கேட்க வேண்டும். தொண்டு நிறுவனங்கள் இதைக் கேட்டால்தான் சமுதாயம் மாறும்.

இதைச் செய்து காட்டியவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அதில் இருந்து தப்பி வந்த சிறுமிகளுக்குப் போக இடம் இல்லை. 1930-ம் ஆண்டு சென்னையில் அவர் அவ்வை இல்லம் தொடங்கினார். தங்க இடம், உணவு, படிப்பு கிடைத்தன.

ஆனால், ஒரு வீட்டில் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? வழக்கம் இருக்கிறவரை சிறுமிகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்!

சட்டம் வந்தது

இதை அவர் முன்பே உணர்ந்து இருந்தார். அந்த வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று 1927-லேயே சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். கோவில் ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று 1929-ல் சட்டம் திருத்தப்பட்டது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது.

சட்டம் மட்டும் போதுமா? அதுவும் போதாது! தப்பி வந்தவளுக்கு வீடு வேண்டும். பிழைக்கத் தொழில் வேண்டும். இல்லமும் வேண்டும், சட்டமும் வேண்டும்.

உங்கள் ஊர்ச் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறதா? கொடுக்கட்டும். அதோடு, பள்ளிக்கூடம் வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய் விசாரியுங்கள். காரணத்தைக் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

கை கொடுக்கட்டும். வாயும் பேசட்டும்!