கைநழுவும் கைத்திறன்

தொழில் நடத்துவோர் யாவரும் தம் நுட்பம் பிறர் கைக்குப் போய்விடலாகாதென அஞ்சுவது இயல்பே. வெளிப்படுத்தப்படாத தொழில் தகவல்களுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காவலும் தந்திருக்கிறது. ஆனால் பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் தேயிலை விளைவிக்கும் கம்பெனிகளை நாம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் நுட்பம் எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சானாக ஊவாவில் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அக்காற்றில் கொழுந்து செடியிலேயே வாட்டமுறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் தேடித் தந்த நறுமணம் அப்பருவத்தில்தான் பிறக்கிறது. காற்று மட்டுமா அதைச் செய்கிறது? எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது, எத்தனை மணி நேரம் வாட்டுவது, நொதித்தலை எந்த நிமிடத்தில் நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதையெல்லாம் கருவி ஓரளவே கூறும். மீதியை, இலையை அள்ளிப் பிசைந்து பார்க்கும் விரலும் முகர்ந்து பார்க்கும் மூக்குமே கூறும். கிளை பிளவுபடாமல் ஒரே வீச்சில் கவ்வாத்து வெட்டுகிறவர் அதை எந்த ஏட்டில் படித்தார்? தந்தையின் பின்னால் நின்றல்லவா பயின்றார்!

இதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அன்றே அறிந்திருந்தது. 1848இல் அது இராபர்ட் ஃபார்ச்சூன் என்பவரைத் தேயிலை தேடிச் சீனத்துக்கு அனுப்பியது. அவர் செடியோடும் விதையோடும் திரும்பிவிடவில்லை. தேயிலை செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளரையும் உடன் சேர்த்துக்கொண்டார். களவாடப் போனவருக்கே தெரிந்த உண்மை, காத்துக்கொள்ள வேண்டியவர்க்குத் தெரியாமற் போனது!

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஒப்பந்தம் செய்தவர்கள் தலைகளை எண்ணினார்கள்; அந்தத் தலைகளோடு போகும் கைகளை எண்ணினார்களில்லை. திரும்பியோரைக் குடியமர்த்தவெனவே தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது; 1976இல் அது ‘டான்டீ’ எனும் அரசுக் கழகமாயிற்று. இங்கே வேண்டாமென ஒதுக்கப்பட்ட கைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்தன. அங்கும் அவர்கட்கு வாழ்வு எளிதாக இருக்கவில்லை என்பது வேறு கதை.

இன்று எவரும் துரத்தவில்லை, தாமாகவே போகிறார்கள். 1975இல் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. உரிமையாளர் மாறினார், லயம் மாறவில்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்பட்டுவிட்டனர். “ஆள் கிடைப்பதில்லை” என்று முதலாளிமார் முறையிடுகின்றனர். ஆள் போனது தெரிகிறது. ஆளோடு போன அறிவு தெரியவில்லை போலும். சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கிலோக் கணக்கு பேசப்படுகிறதேயன்றி, நுட்பத்துக்கு விலை பேசப்படுகிறதா? பிறர் களவாடிய இரகசியத்துக்காக நீதிமன்றம் ஏறலாம். வாரிசின்றி ஓய்வுபெற்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்ட டீமேக்கரின் அனுபவத்தை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகப் போதிக்கப்படுகிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. இவ்விரு இடத்து அறிஞர்களும் மூத்த தொழிலாளரின் அருகமர்ந்து, அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். அனுபவத்துக்குச் சான்றிதழும், சான்றிதழுக்கேற்ற ஊதியமும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலையில் டீமேக்கர் பயிற்சிக்கு எடுக்கப்பட வேண்டும். இருக்கக் காணியும் வீடும் இன்றேல் எந்தப் பயிற்சியும் அவர்களை நிறுத்தாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அடுத்த கச்சான் வீசுமுன் கம்பெனிகள் ஒரு பட்டியல் எடுக்கட்டும்: ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இலையைத் தொட்டறிந்து பதம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர், அவர்களுடைய வயது என்ன, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று கற்பவர் யார்?