பூனைக்குட்டிக்கு பாரசிட்டமால் எத்தனை எம்எல் டாக்டர்?

1/
மக்களே, ராத்திரி வந்த ஒரு போன் கால்தான் இந்த இழைக்குக் காரணம். கொஞ்சம் நீளம். வீட்டுல பூனை வெச்சிருக்கவங்களும், பிள்ளைங்க பூனைக்குட்டி கேட்டு அடம்பிடிக்கிற வீட்டுக்காரங்களும் கடைசி வரைக்கும் படிங்க.

2/
சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையில இருந்து செங்கம் போற வழியில இருக்குற ஊர். இங்க பல வீட்டுல ஒரு பிள்ளையாவது ஓசூர்லயோ பெங்களூருலயோ வேலையில இருக்கும். அப்படி ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போற ஒரு தம்பி, தங்கச்சி ஆசைப்பட்டாளேன்னு பெங்களூருல ஒரு காப்பகத்துல ரெண்டு மாசக் குட்டியைத் தத்தெடுத்து, கூடையில வெச்சு பஸ்ல ஊருக்குக் கொண்டு வந்திருக்கார். நல்ல மனசு.

3/
மூணாவது நாள் ராத்திரி அவங்க அம்மா போன் பண்றாங்க.

"சார், குட்டிக்கு உடம்பு சுடுது. தும்மிக்கிட்டே இருக்கு, கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிச்சு, காலையில இருந்து வாயே வைக்கல. பாப்பாவுக்கு நீங்க எழுதிக் கொடுத்த காய்ச்சல் சிரப் இருக்கு. எத்தனை எம்எல் கொடுக்கட்டும்?"

"ஒரு சொட்டு கூட வேண்டாம்மா"ன்னேன்.

கொடுத்துட்டுக் கேட்காம, கேட்டுட்டுக் கொடுக்க நினைச்சாங்களே, அந்த ஒரு விஷயம்தான் அன்னிக்கு அந்தக் குட்டியைக் காப்பாத்துச்சு.

4/
ஏன்னு சொல்றேன். பாரசிட்டமாலை நம்ம கல்லீரல் வேறொரு பொருளோட சேர்த்துக் கட்டி, சிறுநீர் வழியா வெளியே அனுப்பிடும். அந்த வேலையைச் செய்யற என்சைம் பூனைக்குப் போதுமான அளவு கிடையாது. தேங்குற மருந்து நஞ்சா மாறி ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினைக் கெடுக்கும். கெட்டுப்போன ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. ஈறு நீலமா, பழுப்பா மாறும். முகமும் பாதமும் வீங்கும். மூச்சு வாங்கும்.

நாம சாதாரணமா போடுற ஒரு 500 மி.கி. மாத்திரை, நல்லா வளர்ந்த பூனையையே கொல்லப் போதும். இது கைக்குள்ள அடங்குற குட்டி.

5/
இன்னொன்னு தெரியுமா? நமக்கு இயல்பான உடல் வெப்பம் 98.6 டிகிரி. பூனைக்கு ஏறக்குறைய 100.5-லிருந்து 102.5 வரை இயல்பு. அதாவது நல்லா ஓடி விளையாடுற பூனையைத் தொட்டாலும் நம்ம கைக்குச் சுடத்தான் செய்யும். கையை வெச்சுப் பார்த்து "காய்ச்சல்"னு முடிவு பண்ணி, இல்லாத காய்ச்சலுக்கு விஷத்தைக் கொடுத்துடுவோம்.

6/
பாரசிட்டமால் மட்டும் இல்ல. வலி மாத்திரை ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் ரெண்டும் ஆகாது. சொறி சிரங்குக்கு நாங்க எழுதுற பெர்மெத்ரின் கிரீமை "பூனைக்கும் உண்ணி இருக்கு"ன்னு தடவினா, நடுக்கம் வந்து வலிப்பு வரைக்கும் போகும். நாய்க்கு உண்ணிக்குன்னு விக்கிற சில மருந்துலயும் இதே பெர்மெத்ரின் இருக்கும். சளிக்குன்னு தைலம், கற்பூரம் தேய்க்கிறதும் வேண்டாம். பூனை தன் உடம்பைத் தானே நக்கும். தேய்ச்சது எல்லாம் வயித்துக்குள்ளதான் போகும்.

7/
ஒரு உயிருக்கு மருந்து, இன்னொரு உயிருக்கு நஞ்சு. இதுக்குப் பெரிய சாட்சி நம்ம நாட்டுக் கழுகுகள், அதாவது பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ன பாறுகளோட சிறுநீரகத்தை அழிச்சு, இனத்தையே கிட்டத்தட்ட துடைச்சுப் போட்டது. 2006-ல இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. மாடு பிழைச்ச மருந்துல பாறு செத்தது. நம்ம பிள்ளை பிழைச்ச சிரப்புல பூனை சாகும்.

8/
சரி, குட்டிக்கு என்ன ஆச்சு? இது பெரும்பாலும் "பூனைச் சளி". ஹெர்பிஸ், கேலிசின்னு ரெண்டு வைரஸ் முக்கியக் காரணம். நிறைய பூனைங்க ஒண்ணா இருக்குற எந்தக் காப்பகத்துலயும் இது சுத்தி வரும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குறையுற வயசு, பஸ் பயணம், புது வீடு, புது மனுஷங்க. அந்த அலைச்சல்ல நோய் தலை தூக்கும். "நோய்க் குட்டியைத் தலையில கட்டிட்டாங்க"ன்னு காப்பகத்தைத் திட்டாதீங்க. திருப்பிக் கொண்டுபோய் விடவும் செய்யாதீங்க. இன்னொரு பயணத்தை அந்த உடம்பு தாங்காது.

இந்த ரெண்டு வைரஸும் மனுஷங்களுக்கு ஒட்டாது. ஆனா வீட்டுல வேற பூனை இருந்தா ஒட்டும். அதனால முதல் ரெண்டு வாரம் தனி ரூம், தனி தட்டு.

9/
அன்னிக்கு ராத்திரி நான் சொன்னது இவ்வளவுதான்:

• கொதிச்சு ஆறின வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு, கண்ணையும் மூக்கையும் துடைங்க. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு.
• பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, துண்டுல சுத்திப் பக்கத்துல வைங்க. சூடு அதிகமானா அது நகர்ந்துக்க இடம் இருக்கணும்.
• பூனை மோந்து பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைச்சா பசியே தெரியாது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேகவெச்ச மீனை முள் எடுத்து, மசிச்சு, வெதுவெதுப்பா வைங்க. வாசனை தூக்கும்.
• பசும்பால் வேண்டாம். நிறைய பூனைக்குச் செரிக்காது, கழியும்.
• விடிஞ்சதும் கால்நடை மருத்துவமனை.

10/
கடைசி வரியைச் சொன்னதும் அந்த அம்மா தயங்குனாங்க. "மாட்டு ஆஸ்பத்திரிக்கா சார்? பூனையைத் தூக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்க?"

சிரிச்சா சிரிக்கட்டும். அரசு கால்நடை மருத்துவமனையில பூனையையும் பார்ப்பாங்க. அங்க இருக்குறவர் "மாட்டு டாக்டர்" இல்ல. மாடு, ஆடு, நாய், பூனை, கோழின்னு அத்தனை உயிருக்கும் படிச்சவர். நான் ஒரே ஒரு இனத்துக்கு மட்டும் படிச்சவன். பூனைக்கு டோஸ் சொல்ற தகுதி எனக்கு இல்ல. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கும் இல்ல.

11/
போனை வைக்கிறதுக்கு முன்னாடி வழக்கமா கேட்குற கேள்வியைக் கேட்டேன். "யாரையாவது கீறுச்சா, கடிச்சுதா?"

"இல்ல சார்."

பின்னாடி ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் சின்னக் குரல். "அம்மா... முந்தாநாள் கையில."

ரத்தம் எட்டிப் பார்த்த கீறல். பாவாடையில துடைச்சுட்டு, முழுக்கை சட்டை போட்டு மறைச்சிருக்கா. ஏன்? "கீறுச்சுன்னா சந்தையில கொண்டுபோய் விட்டுடுவேன்"னு பாட்டி சொல்லியிருக்காங்க.

12/
அன்னிக்கு எனக்குத் தூக்கம் போனது குட்டியால இல்ல. இந்த ஒரு வாக்கியத்தால.

ரேபிஸ் அறிகுறி வந்துட்டா, ஏறக்குறைய நூத்துக்கு நூறு மரணம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி முறையா சிகிச்சை எடுத்தா, ஏறக்குறைய முழுசா தடுத்துடலாம். ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது, பிள்ளை வாயைத் திறந்து சொல்றது மட்டும்தான். அந்த வாயை நாமளே மிரட்டி அடைச்சு வெச்சிருக்கோம்.

13/
"காப்பகத்துல ஊசி போட்டிருப்பாங்களே?" பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவா மூணு மாச வயசுலதான் போடுவாங்க. இது ரெண்டு மாசக் குட்டி. அட்டையில இருக்குற ஊசி வேற நோய்களுக்கானது.

"சின்னக் குட்டிதானே?" ரேபிஸுக்கு வயசு வித்தியாசம் கிடையாது. நாய்தான் முக்கியக் காரணம். ஆனா பூனை மூலமாவும் வரும்.

14/
கீறல், கடி எதுவா இருந்தாலும்:

• ஓடுற தண்ணியில, சோப்பு போட்டு, 15 நிமிஷம் கழுவணும். கடிகாரம் பார்த்து.
• மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது.
• ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்தா தடுப்பூசியோட காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் போடணும்.
• தோல்ல போடுற முறையில 0, 3, 7, 28-ஆம் நாள்னு நாலு தடவை. முதல் ஊசி போடுற நாள்தான் 0.
• நாள் கடந்துடுச்சேன்னு விடாதீங்க. தாமதமானாலும் போய்த்தான் ஆகணும்.
• பூனையை 10 நாள் கண்காணிக்கணும். ஆனா அதுவரைக்கும் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

அரசு மருத்துவமனைகள்ல இந்தத் தடுப்பூசி இலவசம்.

15/
இதுல என் கருத்து இதுதான்.

நம்ம ஊர்ல பூனை மேல அன்புக்குப் பஞ்சம் இல்ல. அந்த அன்பு அரைகுறையா இருக்கு. சோறு வைப்போம், டாக்டர்கிட்ட கொண்டு போக மாட்டோம். மடியில வெச்சுக் கொஞ்சுவோம், தடுப்பூசி போட மாட்டோம். நல்லா இருக்குற வரைக்கும் "எங்க வீட்டுப் பூனை". ஒரு தும்மல், ஒரு கீறல் வந்துட்டா "சந்தையில விட்டுடு".

இந்த அரைகுறை அன்புல பூனைதான் முதல்ல போகும். பூனையை இழக்க மனசில்லாத பிள்ளை, காயத்தை மறைச்சு அடுத்ததா ஆபத்துல நிக்கும்.

அதனால குட்டியைத் தத்தெடுக்குறதுன்னா அதோட டாக்டர், தடுப்பூசி, முதல் ரெண்டு வாரத்து நோய் எல்லாத்தையும் சேர்த்துத் தத்தெடுங்க. முடியலைன்னா எடுக்காதீங்க. அதுல தப்பே இல்ல.

16/
எடுத்துட்டீங்கன்னா, முதல் நாளே பிள்ளைகிட்ட இப்படிச் சொல்லுங்க: "குட்டி கீறும், கடிக்கும். அது தப்பு இல்ல. கீறுனா உடனே எங்ககிட்ட சொல்லு. உன்னையும் திட்ட மாட்டோம், குட்டியையும் விரட்ட மாட்டோம்."

இந்த நாலு வாக்கியமும் தடுப்பூசி மாதிரிதான். காசே கிடையாது.

17/
அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மறுநாள் காலையில பாப்பாவுக்கு இம்யூனோகுளோபுலினும் முதல் ஊசியும் போட்டாச்சு. நாலு ஊசியும் முடிஞ்சது. குட்டிக்குக் கால்நடை மருத்துவர் சொட்டு மருந்தும், வாய்வழி மருந்தும் கொடுத்தார். பத்து நாளும் தாண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வலது கண்ணுல மட்டும் லேசா ஒரு வெள்ளை தங்கிடுச்சு.

மீன் முள் எடுத்து மசிக்கிறது இப்போ பாட்டியோட வேலையாம்.

18/
சேமிச்சு வைக்க: குட்டி ஒரு நாள் முழுக்க சாப்பிடல, வாயைத் திறந்து மூச்சு வாங்குது, ரத்தமா கழியுது, வாந்தி நிக்கல, உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு, ஈறு வெளுத்தோ நீலமாவோ இருக்கு. இதுல ஒன்னு இருந்தாலும் விடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்பவே எந்தக் கால்நடை மருத்துவர் கிடைக்கிறாரோ அவரைப் பிடிங்க. தெரியாம பாரசிட்டமால் கொடுத்துட்டீங்கன்னாலும் அப்படித்தான். எவ்வளவு, எப்போன்னு மறைக்காம சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கு, சீக்கிரம் போனா காப்பாத்த வாய்ப்பு இருக்கு.

பூனை வெச்சிருக்குற ஒரு வீட்டுக்காவது இதைப் பகிருங்க.