கேளாமல் எவர் வண்டியிலும் ஏறலாகாது



போடிநாயக்கனூரில் பொழுது விடியும் வேளையிலேயே தோட்டத்து ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. முந்தலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்கு நம் தாய்மார் பலர் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வீடு திரும்ப மாலையாகிவிடுகிறது. பள்ளிக்குச் செல்வதும் திரும்புவதும் பிள்ளைகள் தாமே பார்த்துக்கொள்ள வேண்டிய காரியங்களாகிவிடுகின்றன. பேருந்து குறைந்த மலைச்சரிவுகளில், நடந்து செல்லும் பிள்ளையைக் கண்டு வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அது இரக்கத்தில் பிறந்த நல்ல வழக்கமே. எனினும் அந்த வழக்கத்தின் மறைவில் தீயவன் ஒருவன் வருவானாயின், அவனை நம் பிள்ளை எங்ஙனம் இனங்கண்டுகொள்ளும்?

"தெரியாதவர் வண்டியில் ஏறாதே" என்று நாம் எல்லாரும் சொல்லி வைத்திருக்கிறோம். அது மட்டும் போதாது என்பதற்குக் கோயம்புத்தூரில் நிகழ்ந்த கொடுமையே சான்று. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலையில், பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற பத்து வயதுச் சிறுமியையும் அவளுடைய ஏழு வயதுத் தம்பியையும் ஒருவன் வண்டியில் ஏற்றிச் சென்றான். பின்னர் அவனும் அவனுடைய கூட்டாளியும் சேர்ந்து அப்பிள்ளைகளைப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் கால்வாயில் தள்ளிக் கொன்றனர். ஏற்றிச் சென்றவன் சில நாள்களில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். கூட்டாளியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. ஆனால் நாம் மறவாதிருக்க வேண்டியது வேறொன்று. ஏற்றிச் சென்றவன் அந்நியன் அல்லன். முன்பு அதே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற ஓட்டுநர். அவனைக் கண்டு அப்பிள்ளைகள் அஞ்சுவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-இல் வந்தது. அச்சட்டத்தின்கீழ் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதையே அரசின் குற்றப் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆதலால் ஆளைப் பார்த்து ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பாரத்தைச் சிறு பிள்ளையின் தலையில் வைக்கலாகாது. எல்லாருக்கும் பொதுவான ஒரே விதியைக் கற்பியுங்கள்: "என்னைப் பொறுப்பில் வைத்திருப்பவரிடம் கேளாமல் எவர் வண்டியிலும் ஏறமாட்டேன்." கேட்க இயலாத இடத்தில் விடை "வேண்டாம்" என்பதே.

இவ்விதியைக் காக்கச் சில வழிகள் உண்டு.

முதலாவது, வீட்டுக்குள் ஓர் அடையாளச் சொல் இருக்கட்டும். "உன் அம்மா தோட்டத்தில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சீக்கிரம் ஏறு" என்பதே நம் மலையில் ஒருவன் சொல்லக்கூடிய பொய். தாயை நேசிக்கும் பிள்ளை அதைக் கேட்டுத் துடித்துப்போகும். மெய்யாகவே நீங்கள் அனுப்பியவராயின் அச்சொல்லை அறிந்திருப்பார். அறியாதவருடன் செல்லலாகாது. ஒருமுறை பயன்பட்டபின் சொல்லை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, வண்டி அருகில் வந்து நின்றால், பிள்ளை கைக்கெட்டாத தொலைவுக்கு விலகி, வண்டி நோக்கியிருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். குறுகிய மலைப்பாதையில் வண்டியைத் திருப்புவது எளிதன்று. தேநீர்க்கடை, லயன் வீடுகள், வேலை முடிந்து வரும் பெண்கள் கூட்டம் ஆகியவையே அடைக்கலம். எவரேனும் கையைப் பற்றினால், அழுவது மட்டும் போதாது. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை என்று பார்ப்பவர் எண்ணிவிடக்கூடும். "இவர் என் அப்பா இல்லை, காப்பாற்றுங்கள்" என்று உரக்கக் கூவக் கற்பியுங்கள்.

மூன்றாவது, பெற்றோரின் தொலைபேசி எண்ணும், குழந்தைகளுக்கு உதவும் 1098 என்னும் கட்டணமில்லா எண்ணும் மனப்பாடமாயிருக்கட்டும். அவசரத்திற்கு 112 என்ற எண் மலைக்கு இப்புறம் தமிழ்நாட்டிலும் அப்புறம் கேரளத்திலும் உதவும்.

இவற்றை ஒருநாள் உபதேசமாகச் சொல்லிவிட்டால் பிள்ளை மறந்துவிடும். ஞாயிறு மாலையில் விளையாட்டாக நடித்துப் பாருங்கள். தந்தை ஜீப் ஓட்டுநராகட்டும், மிட்டாய் காட்டி அழைக்கட்டும், மழை வருகிறது என்று சொல்லட்டும், பிள்ளை மறுக்கட்டும். வாயும் காலும் பழகியிருந்தால்தான் அச்சம் வரும் வேளையில் அவை துணை நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரியவர் அழைத்தால் மறுக்கலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பக்கத்து வீட்டு மாமா அழைத்தும் பிள்ளை ஏற மறுத்தது என்று அவர் வந்து முறையிட, அதற்காக அப்பிள்ளையை அடிக்கும் பெற்றோர், தாம் கற்பித்ததைத் தாமே அழித்துவிடுகின்றனர். மறுத்த பிள்ளையைப் பாராட்டுங்கள். ஏறிவிட்டு வந்து நடந்ததைச் சொல்லும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாதீர்கள். இன்று சொன்னதற்கு அடி வாங்கினால் நாளை அது வாய் திறவாது; பிள்ளையின் மௌனமே தீயவனுக்கு வேண்டியது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, தனியே நடந்து வரும் பிள்ளையிடம் இரக்கம் காட்ட விரும்பினால், முதலில் அதன் பெற்றோரிடம் பேசி இசைவு பெறுங்கள். அது இயலாதபோது, அருகிலுள்ள கடைக்காரரிடமோ பெண்களிடமோ சொல்லி, பிள்ளையைக் கவனிக்கச் செய்யுங்கள். பிள்ளை மறுத்தால் வருந்தாதீர்கள். அது உங்களை இகழவில்லை. வீட்டில் கற்றதைக் காக்கிறது.

இவ்விதிக்கு உபதேசியாரும் ஆசிரியரும் விலக்கல்லர். பங்குச் சாமியாரும் விலக்கல்லர். மறைக்கல்வி முடிந்து செல்லும் பிள்ளையை என் வண்டியில் ஏறச் சொன்னால், "அம்மாவைக் கேட்க வேண்டும், சாமி" என்று அது விடை கூறட்டும். அவ்விடையைக் கேட்கும் நாளில், அக்குடும்பம் தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது என்று நான் மகிழ்வேன்.