போட்டோ வேண்டாம் என்று நாயும் சொல்லும்



உங்களில் பலர் இப்போது வீட்டில் நாய் வளர்க்கிறீர்கள். தினமும் ஏதாவது ஒரு நாய்ப் படம் வந்துவிடுகிறது. ஆசையாகத்தான் பார்க்கிறேன். ஆனால் சில படங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஒரு கை நாயின் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கும். குழந்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும். நாயோ காதை மடக்கிக்கொண்டு, கண்ணோரம் வெள்ளை விழி தெரிய, வேறு பக்கம் பார்க்கும். கீழே வரிசையாக "செம க்யூட்" என்று எழுதியிருப்பார்கள்.

அதனால் இன்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவைக் கண்டு முகத்தைத் திருப்பும் நாயைப் பிடித்து வைத்துப் படம் எடுக்கக் கூடாது. அது வேண்டாம் என்று சொல்கிறது. நாம்தான் "வெட்கப்படுது பாரு" என்று சிரிக்கிறோம்.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வகுப்பில் உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நாய்க்கு அந்தப் பாடம் தலைகீழ். அசையாமல் உற்றுப் பார்ப்பது அவற்றிடையே மிரட்டல். முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை. நாம் என்ன செய்கிறோம்? நம் முகத்தை போனால் மறைத்துக்கொண்டு, மேலே கவிழ்ந்து, மூக்குக்கு நேரே லென்ஸை நீட்டுகிறோம். பழகிய முகம் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு கண் முறைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த நாய்தான் நேரே பார்க்கும்?

நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகோஸ் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். தலையைத் திருப்புவது, மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது எல்லாம் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று நாய் சொல்லும் சைகைகள் என்கிறார். அதை நாம் மதிக்காவிட்டால் காது பின்னால் ஒட்டும், வால் காலிடுக்கில் போகும், உடம்பு விறைக்கும். பிறகு உறுமல். உறுமினால் அடிக்கிறவர்கள் உண்டு. அது பெரிய ஆபத்து. எச்சரிக்கை மணியைப் பிடுங்கிப் போட்டால், அடுத்த முறை மணி அடிக்காமலே கடி விழும்.

அந்தக் கடி யாருக்கு விழும் என்று யோசியுங்கள். குழந்தையின் முகம்தான் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. தலை, முகத்தில் விழும் கடி மூளைக்குப் பக்கம் என்பதால் வெறிநோய் விஷயத்தில் அதிக ஆபத்தானது. அறிகுறி வந்துவிட்டால் அந்த நோய்க்குப் பிழைப்பு கிடையாது என்றே சொல்லலாம். கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கே" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு போட்டோவுக்காக இந்த அளவுக்குப் போக வேண்டுமா?

"டாக்டரிடம் போனால் பிடித்துத்தானே ஊசி போடுகிறோம், டீச்சர்?" என்று கேட்பீர்கள். அது அதன் உயிருக்காக. இது நம் ஆசைக்காக. தாடையில் கை வந்தாலே தொல்லை என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டால், நாளைக்கு மாத்திரை கொடுக்கவும் உண்ணி எடுக்கவும் அது கிட்டே வராது.

அதற்காக நெருக்கமாகப் படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நாய் காணாமல் போனால் தேடுவதற்கு, முகமும் அடையாளமும் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். பொறுமையாகப் பழக்கினால் கிடைக்கும்.

எங்கள் மணி கருத்த முகமுள்ள நாட்டு நாய். போனைத் தூக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். முதலில் சில நாள் போனைத் தரையில் வைத்து மோந்து பார்க்க விட்டோம். மோந்தால் ஒரு வாய் தின்பண்டம். அடுத்து போனைக் கையில் எடுப்போம், படம் எடுக்க மாட்டோம், தின்பண்டம் மட்டும் உண்டு. அதற்குப் பிறகுதான் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரே ஒரு படம். எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு வாரத்தில், போனைப் பார்த்ததும் வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

நிற்காதீர்கள். தரையில், சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். எலியட் எர்விட் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் 1974இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று உண்டு. தொப்பி போட்ட குட்டி நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், ஒரு பெரிய நாயின் கால்கள். அவ்வளவுதான். கேமரா குட்டி நாயின் உயரத்துக்கு இறங்கியதால்தான் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

போனை முகத்துக்கு முன் பிடிக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள். உங்கள் முகம் அதற்குத் தெரியட்டும்.

கிட்டே போகாமல் நாலைந்து அடி தள்ளியிருந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். நாய்க்கும் நிம்மதி, படத்தில் மூக்கும் கத்தரிக்காய் மாதிரி வீங்காது.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுவது அதுதான். பிளாஷ் அடித்தால் படத்தில் கண் பச்சையாக மின்னுவதும் அதனால்தான். காலை வெயிலில், திண்ணையிலோ ஜன்னல் பக்கத்திலோ எடுங்கள். கறுப்பு நாய்க்குப் பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால்தான் கண்ணும் மூக்கும் தனித்தனியாகத் தெரியும்.

குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கட்டிப்பிடிக்க விடாதீர்கள். நாயே வந்து சாய்ந்தால் அந்தப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி படம் போடுவதற்கு முன் நாயின் காது, கண், வால் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். பயம் தெரிந்தால் போடாதீர்கள். மற்றவர்களும் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பேச வாயில்லாத ஜீவன் வேண்டாம் என்று சொல்வதைப் புரிந்து விலகத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு மனிதர்கள் சொன்னாலும் கேட்கும்.

முதுகைக் காட்டித் தூங்கும் நாயின் படம் போட்டாலும் நான் லைக் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்